பயிற்சியில் வீழ்ந்த குண்டுவீச்சு விமானங்கள்: தேடுவோரின் கேள்விகளும் பதில்களும்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையான பாம்பர் கமாண்டில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். அவர்களுள் 55,573 பேர் உயிரிழந்தனர். அந்த எண்ணிக்கைக்குள் பயிற்சியிலும் விபத்துகளிலும் இறந்த 8,000க்கும் மேற்பட்டோர் அடங்குவர். போர்வரலாறுகள் இவர்களை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. இவர்களைப் பற்றித் தேடிக்கொண்டிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

கேள்வி: ஓ.டி.யூ., எச்.சி.யூ. ஆகிய சுருக்கங்கள் எதைக் குறிக்கின்றன?

பதில்: ஓ.டி.யூ. என்பது ஆப்பரேஷனல் டிரெயினிங் யூனிட், அதாவது போர்ப்பணிக்கு முந்தைய இறுதிக்கட்டப் பயிற்சிப் பிரிவு. பாம்பர் கமாண்டில் இப்பிரிவுகள் 1940 ஏப்ரலில் தொடங்கப்பட்டன. அபிங்டனில் 10ஆம் பிரிவு விட்லி விமானங்களையும், காட்ஸ்மோரில் 14ஆம் பிரிவு ஹாம்ப்டன்களையும், லாசிமவுத்தில் 20ஆம் பிரிவு வெல்லிங்டன்களையும் வைத்திருந்தன. போர் வளர வளர வெல்லிங்டனே பெரும்பாலான பிரிவுகளின் விமானம் ஆகிவிட்டது. நான்கு எஞ்சின் கொண்ட ஸ்டெர்லிங், ஹாலிஃபாக்ஸ், லங்காஸ்டர் ஆகியவை வந்தபின், அவற்றுக்குப் பழக்குவதற்காக ஹெவி கன்வர்ஷன் யூனிட், அதாவது எச்.சி.யூ., உருவாயிற்று.

தேடுவோர் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. விமானக் குழு ஒன்றுசேர்ந்த இடம் ஓ.டி.யூ.தான். விமானி, வழி கணிக்கும் நேவிகேட்டர், குண்டு போடுபவர், வயர்லெஸ் இயக்குநர், துப்பாக்கி வீரர் ஆகியோரை ஒரே கொட்டகையில் கூட்டி, ‘நீங்களே உங்கள் துணைவரைத் தேர்ந்துகொள்ளுங்கள்’ என்று விட்டுவிடுவார்கள். எஞ்சின் பொறியாளரும் இன்னொரு துப்பாக்கி வீரரும் பெரும்பாலும் எச்.சி.யூ.வில்தான் வந்து சேர்ந்தனர். ஆகவே ஒருவருடைய லாக் புத்தகத்தில், அதாவது அவர் தம் பறப்புகளைக் குறித்துவைத்த ஏட்டில், ஒரே விமானியின் பெயர் திரும்பத் திரும்ப வரத் தொடங்கும் பக்கத்தைக் கண்டால், அந்தக் குழு பிறந்த வாரத்தைக் கண்டுவிட்டீர்கள் என்று கொள்ளலாம்.

கேள்வி: ஐயா, என்னிடம் ஒரு பெயரும் இறந்த தேதியும் மட்டுமே உள்ளன. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: விமானத்தைத் தேடாதீர்கள், அந்தத் தேதியைத் தேடுங்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவில் அதே தேதியில் இறந்த விமானப்படையினரைப் பாருங்கள். பயிற்சியில் இறந்தவருக்குப் பிரிவின் பெயர் குறிக்கப்படாமல் விடுபட்டிருப்பது வழக்கம் என்பதால், பிரிவை வைத்துத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அடுத்து லிங்கனிலுள்ள பன்னாட்டு பாம்பர் கமாண்ட் மையத்தின் இழப்புத் தரவுத்தளத்தைப் பார்த்தால், பெரும்பாலும் விமானத்தின் வரிசை எண்ணும் உடன் இருந்தோர் பெயர்களும் கிடைத்துவிடும்.

விமான வகையும் தேதியும் தெரிந்தபின், லண்டன் ஹெண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் படிவம் 1180 என்னும் விபத்து அட்டையைக் கேளுங்கள். லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில், பயிற்சிப் பிரிவுகளின் நாட்குறிப்புகள் ஏர் 29 என்ற தொகுப்பிலும், உயிரிழப்புக் கோப்புகள் ஏர் 81 என்ற தொகுப்பிலும் உள்ளன. பின்னது தேதி வரிசையில் படிப்படியாகத் திறக்கப்பட்டு வருகிறது. குழுவில் ஓர் ஆஸ்திரேலியர் இருந்தால், அந்நாட்டு ஆவணக் காப்பகத்தின் ஏ705 வரிசையில் அவருடைய உயிரிழப்புக் கோப்பைத் தேடுங்கள். கனடியர் இருந்தால், போரில் இறந்தோரின் பணிக் கோப்புகள் அந்நாட்டில் பார்வைக்குக் கிடைக்கின்றன. விசாரணை அறிக்கையின் நகல், விமானியின் கோப்பில் இல்லாமல், உடன் இறந்த துப்பாக்கி வீரர் ஒருவரின் கோப்பில் கிடைப்பது உண்டு. எனவே குழுவில் ஒருவரைக்கூட விட்டுவிடாமல் தேடுங்கள்.

கேள்வி: பிரிவின் நாட்குறிப்பில் ‘இன்று ஒரு வெல்லிங்டன் விபத்துக்குள்ளானது’ என்பதற்கு மேல் ஒன்றும் இல்லையே?

பதில்: போர்ப்படைப் பிரிவுகள் ஒவ்வொரு பறப்புக்கும் குழுவினர் பெயர்களைத் தனித்தாளில் எழுதிவைத்தன, பயிற்சிப் பிரிவுகள் பொதுவாக அப்படி எழுதவில்லை. இரவும் பகலும் பறப்பு நடந்த இடத்தில் எழுத்தர் ஒரு வரியுடன் நிறுத்திக்கொண்டார். அந்த வரியில் வரும் ஊர்ப்பெயரும், விமானம் விழுந்த வயலுக்கு அருகில் இருந்த ஏதோ ஓர் ஊரின் பெயராகவே இருக்கும்.

கேள்வி: ஒரே விமானத்தில் இறந்த ஐவரின் கல்லறைகள் ஐந்து ஊர்களில் உள்ளன. பதிவில் பிழையா?

பதில்: பிழை இல்லை. விபத்து பிரிட்டனுக்குள் நடந்தால், அந்நாட்டுக் குடும்பங்கள் உடலைத் தம் ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்ய முடிந்தது. கடல் கடந்து வந்த கனடியர், ஆஸ்திரேலியர், நியூசிலாந்தினர் ஆகியோரை ஹாரோகேட்டின் ஸ்டோன்ஃபால், ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லி, செஸ்டரின் பிளேக்கன் போன்ற வட்டாரக் கல்லறைகளில் புதைத்தார்கள். பயிற்சிப் பறப்பில் கடலில் மறைந்து உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் ரன்னிமீட் நினைவகத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே 20,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு.

கேள்வி: விபத்து அட்டையில் ‘விமானியின் கணிப்புப் பிழை’ என்று எழுதியிருக்கிறது. அந்தக் குடும்பத்தினரிடம் இதை எப்படிச் சொல்வது?

பதில்: அந்தச் சொல்லை மட்டும் எடுத்துச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த அட்டை அடுத்த விபத்தைத் தவிர்ப்பதற்காக எழுதப்பட்ட ஒரு சுருக்கக் குறிப்பு. ஒரு மனிதரின் மீது எழுதப்பட்ட தீர்ப்பாக அதைப் படிக்கக் கூடாது. அதே நாளின் வானிலையையும், விமானத்தின் முந்தைய வரலாற்றையும், விமானி இரவில் பறந்திருந்த மணிக்கணக்கையும் சேர்த்து வைத்தால் வேறொரு சித்திரம் எழும். பயிற்சிப் பிரிவுகளுக்கு வந்த விமானங்களில் பல, போர்ப்படைகளில் உழைத்துத் தேய்ந்தவை. வெல்லிங்டனின் ஐ.சி. ரகத்தில், நின்றுபோன எஞ்சினின் விசிறி இலைகளைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி திருப்பி நிறுத்த வழியில்லை. அவை காற்றில் சுழன்று விமானத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். மலைநாட்டின் மேல், மேகத்துக்குள், அந்த நிலையில் உயரத்தைத் தக்கவைப்பது அனுபவசாலிக்கே கடினம்.

ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் விழுந்த என் 2980 என்ற வெல்லிங்டனைப் பாருங்கள். 1939 டிசம்பர் 18 அன்று ஜெர்மானியக் கடற்கரையை அடுத்த ஹெலிகோலாந்து வளைகுடாவில் நடந்த வான்போரில் பறந்து பிழைத்து வந்த விமானம் அது. பிறகு 20ஆம் பயிற்சிப் பிரிவுக்கு வந்தது. 1940 டிசம்பர் 31 அன்று பனிப்புயலில் ஓர் எஞ்சின் செயலிழந்தது. விமானி குழுவினரைக் குதிக்கச் சொன்னார். குதித்தவர்களில் வால்பகுதித் துப்பாக்கி வீரர் உயிரிழந்தார். விமானியும் துணை விமானியும் ஏரியின் நீர்ப்பரப்பில் விமானத்தை இறக்கி, ரப்பர் படகில் கரை சேர்ந்தனர். 1985இல் அதை ஏரியிலிருந்து எடுத்தபோது, பேட்டரியை இணைத்ததும் வால்பகுதி விளக்குகள் எரிந்தன. இன்று அது, அது கட்டப்பட்ட புரூக்லேண்ட்ஸிலேயே அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பனிப்புயலும் தேய்ந்த எஞ்சினும் சேர்ந்த அத்தகைய வேளையில் வேறொரு விமானி தரையில் மோதியிருந்தால், அவர் அட்டையில் என்ன எழுதப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். குடும்பத்தினரிடம் அட்டையின் வரியை மறைக்கவும் வேண்டாம்; மற்ற ஆவணங்களோடு சேர்த்து, முழுமையாகக் கொடுங்கள்.

கேள்வி: இந்தியாவில் இத்தகைய பிரிவு இருந்ததா?

பதில்: இருந்தது. மைசூர் சமஸ்தானத்தில் கோலாரில் லிபரேட்டர் விமானங்களுக்கான 1673ஆம் எச்.சி.யூ. இயங்கியது; எலஹங்காவில் மாஸ்கிட்டோ விமானத்துக்குப் பழக்கும் பிரிவு இருந்தது. தென்னிந்தியாவில் இறந்தவர்களைத் தேடுவோர் சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள மெட்ராஸ் போர்க் கல்லறையின் பதிவிலிருந்து தொடங்கலாம்.

கேள்வி: மலைமேல் விபத்து நடந்த இடத்துக்குச் செல்ல விரும்புகிறேன். ஒரு சிறு துண்டை நினைவாக எடுத்து வரலாமா?

பதில்: சென்று பாருங்கள், எதையும் எடுக்காதீர்கள். 1986ஆம் ஆண்டின் இராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, பிரிட்டனில் விழுந்த ஒவ்வொரு போர்விமானமும் பாதுகாக்கப்பட்டது. உரிமம் இன்றித் தோண்டுவதும் பொருள்களை எடுப்பதும் குற்றம். வேல்ஸ் மலைகளில் கரெக் கோக் அருகே, 1944 நவம்பரில் விழுந்த எம்.எஃப். 509 என்ற 22ஆம் பிரிவு வெல்லிங்டனின் உலோகச் சட்டம் இன்றும் புல்வெளியில் கிடக்கிறது. அதில் இறந்த கனடியர் அறுவரின் நினைவுக்கல் பக்கத்திலேயே உள்ளது.

யார்க்‌ஷயரின் பக்டன் பைக் குன்றுக்கும் போக முயலுங்கள். 1942 ஜனவரி 30 அன்று, பிராம்கோட்டிலிருந்து வந்த போலந்துக் குழுவின் வெல்லிங்டன் பனிப்புயலில் அங்கே மோதியது. பிழைத்தவர் வால்பகுதித் துப்பாக்கி வீரர் ஒருவரே. காலில் காயத்துடன் அவர் பனியில் தவழ்ந்து வந்தபோது நரியின் காலடித் தடங்களைக் கண்டார். நரி உணவு தேடி ஊரை நோக்கித்தான் போயிருக்கும் என்று நம்பி, அத்தடங்களைத் தொடர்ந்து கீழே கிரே என்னும் சிற்றூரை அடைந்தார். பின்னாளில் தம் தோழர்களுக்காக அவர் எழுப்பிய சிலுவை அக்குன்றின் மேல் நிற்கிறது. அதன் அடிப்பகுதியில் விமானத்தின் துண்டுகள் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றின் நடுவே வெண்கலத்தில் ஒரு சிறிய நரித்தலை இருக்கிறது. பனிக்காலத்தில் தனியாக ஏற வேண்டாம்.