எருமைப் பால் பனீர் தண்ணி, வே பவுடருக்குப் பதிலா வருமா?

ப்ரோ, ரெண்டு லிட்டர் எருமைப் பால்ல பனீர் போட்டு மிச்ச தண்ணிய ஜிம் முடிச்சு குடிக்கிறேன், வயிறு உப்புதுன்னு கேட்டிருந்தீங்க. அந்த தண்ணி வே (பால் திரிஞ்சதும் பிரியுற தண்ணி, புரோட்டீன் பவுடர் செய்யுறதும் இதுல இருந்து தான்) தான், தப்பில்ல, ஆனா நீங்க நெனைக்கிற அளவு புரோட்டீன் அதுல கெடையாது. எருமைப் பால்ல புரோட்டீன் நாலு சதவீதத்துக்கு மேலயே இருக்கும், பசும்பால விட ஜாஸ்தி தான், ஆனா அந்த புரோட்டீன்ல 80 சதவீதம் கேசீன் (பனீரா திரியுற புரோட்டீன்), வே புரோட்டீன் வெறும் 20, அதுலயும் நீங்க பால கொதிக்க வெச்சு எலுமிச்சை ஊத்துறீங்கல்ல, அந்த சூட்டுல வே புரோட்டீன்ல பெரும்பகுதி உருக்குலைஞ்சு கேசீனோடவே ஒட்டிக்கிட்டு பனீருக்குள்ள போயிடும். ஒரு டம்ளர் தண்ணில மிஞ்சுறது சுமாரா 1 கிராம், ஒரு ஸ்கூப் பவுடர்ல 20 கிராமுக்கு மேல வருது, யோசிச்சுப் பாருங்க.

வயிறு உப்புறதுக்கு காரணம் பெரும்பாலும் லாக்டோஸ், அதாவது பால்ல இருக்கிற சர்க்கரை. அது பனீர்ல அதிகமா தங்காது, பெரும்பகுதி தண்ணியோட வந்துடும், டம்ளருக்கு 9, 10 கிராம். கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்க, தெரிஞ்சிடும்.

அப்புறம் எருமைப் பால் ஏ2ன்னு சொன்னீங்க, சரி தான், ஆனா அது பீட்டா கேசீன்ங்கிற ஒரு கேசீன் எந்த வகைங்கிற சமாச்சாரம், வேக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல (விளம்பரக்காரங்க ரெண்டையும் கொழப்பி விட்டுட்டாங்க). பசும்பால் அலர்ஜி இருக்கிறவங்களுக்கும் எருமைப் பால் சேஃப் கெடையாது, ரெண்டு பாலோட புரோட்டீன்களும் ரொம்ப ஒண்ணு போல இருக்கும்.

பேசாம பனீர சாப்பிடுங்க, 100 கிராம்ல 18 கிட்ட புரோட்டீன் இருக்கு, கொழுப்பும் இருக்கு பாத்துக்கோங்க. தண்ணிய சப்பாத்தி மாவு பெசைய வெச்சுக்கலாம், நல்லா மெத்துனு வரும்.