உறைபனி தாங்கும் ஸ்லிப்பர் ஆர்க்கிட்: வாங்குவதற்கு முன்னும் நட்ட பின்னும்

குளிர் நாடுகளில் தோட்டத்து மண்ணிலேயே நட்டு, பனிக்காலம் முழுவதும் வெளியே விடக்கூடிய ஆர்க்கிட் சிப்ரிப்பீடியம். ஸ்லிப்பர் ஆர்க்கிட் என்ற பெயரில் விற்பனைக்கு வருகிறது. விலையும் அதிகம், ஏமாற்றும் அதிகம்.

கேள்வி: இணையத்தில் ஒருவர் மஞ்சள் ஸ்லிப்பர் ஆர்க்கிட்டை 15 டாலருக்குத் தருகிறார். இன்னொரு நர்சரியில் அதே செடி 60 டாலர். இரண்டு பேருமே ‘நர்சரியில் வளர்ந்தது’ என்கிறார்கள். எதை வாங்குவது? (ஸ்கார்பரோ, கனடா)

15 டாலர் செடியை வாங்காதீர்கள். பெரும்பாலும் அது காட்டிலிருந்து தோண்டி எடுத்ததாகத்தான் இருக்கும். தோண்டிய செடியை ஒரு பருவம் பாத்தியில் வைத்திருந்துவிட்டு ‘நர்சரியில் வளர்ந்தது’ என்று விற்பவர்கள் உண்டு. அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: விதையிலிருந்து ஆய்வகத்தில் முளைக்க வைத்ததா? குடுவையிலிருந்து எடுத்து எத்தனை வளர்பருவம் ஆயிற்று? இப்போது எத்தனை முளை இருக்கிறது? உண்மையாக வளர்ப்பவர் மூன்றுக்கும் உடனே பதில் சொல்வார்.

விலை ஏறக் காரணம் இருக்கிறது. ஆர்க்கிட் விதை தூசி போன்றது. உள்ளே சேமித்த உணவு கிடையாது. காட்டில் ஒரு வகைப் பூஞ்சையின் துணையோடுதான் முளைக்கும். நர்சரிக்காரர் அதை நுண்ணுயிர் நீக்கிய குடுவையில், சத்துக் கூழில் முளைக்க வைக்க வேண்டும். குடுவையை விட்டு வந்த நாற்று பூக்க மேலும் சில ஆண்டுகள் ஆகும். அத்தனை வருட உழைப்பை 15 டாலருக்கு யாராலும் கொடுக்க முடியாது.

செடி கைக்கு வந்ததும் வேரைப் பாருங்கள். ஆய்வகத்தில் பிறந்த செடியின் வேர்கள் நீளமாக, அறுபடாமல், ஓரளவு சுத்தமாக இருக்கும். மண்வெட்டி பட்டது போல எல்லா வேரும் ஒரே அளவில் வெட்டுப்பட்டு, இலைமக்கும் காட்டுப் புல்வேரும் ஒட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள். வெட்டுப்பட்ட வேர் மீண்டும் நீள்வது அரிது. புது வேர், மண்ணுக்கடியில் கிடையாக வளரும் தண்டின் புதிய பகுதியிலிருந்துதான் வரும். தோண்டிய செடி சேமிப்பைச் செலவழித்து ஒரு வருடம் பூத்துவிட்டு, அடுத்தடுத்த வருடங்களில் சிறுத்து மறைவது இதனால்தான்.

இளஞ்சிவப்பு நிற அக்கோலே வகையில் இன்னும் கவனம் வேண்டும். அதற்கு pH அளவு 4 முதல் 5 வரை உள்ள, அமிலத்தன்மை மிகுந்த மண் வேண்டும்; சாதாரணத் தோட்டத்தில் நிலைக்காது. முதல் செடியாக அதை விற்க முயல்கிறவரிடம் வேறெதையும் வாங்க வேண்டாம்.

கேள்வி: முதல் முறை வளர்க்கிறேன். எந்த வகை? ஜெர்மனியிலிருந்து வரவழைக்கலாமா? (ஹாரோ, லண்டன்)

கலப்பினத்தில் தொடங்குங்கள். கிஸேலா, உல்லா சில்கென்ஸ், பிலிப், ‘ஆகி’ என்பவை தனி இனங்களைவிட வீரியமானவை. முதல் தேர்வு கிஸேலாதான்: பார்விஃப்ளோரம், மக்ராந்தோஸ் என்ற இரண்டு சிப்ரிப்பீடிய இனங்கள் சேர்ந்தது, மண்ணைப் பற்றி அதிகம் அடம்பிடிக்காது. ‘பூக்கும் அளவு’ என்று எழுதியிருப்பதை, குறைந்தது இரண்டு முளையாவது உள்ள செடியாக வாங்குங்கள். சிறிய நாற்று மலிவு என்றாலும் பழக்கமில்லாத கையில் அதிகம் சாகும்.

சிப்ரிப்பீடியம் முழுவதும், காட்டுயிர்களின் நாடு கடந்த வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஃபெலனாப்சிஸ் போன்ற சில ஆர்க்கிட் கலப்பினங்களுக்கு உள்ள விலக்கு இதற்குக் கிடையாது. பிரெக்சிட்டுக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வரும் செடிக்குச் சைட்டிஸ் தாள்களும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். ஒன்றிரண்டு செடிக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. உள்நாட்டு நர்சரியே மேல்.

செப்டம்பர், அக்டோபரில் மண் நீக்கிய செடியாக அனுப்புவார்கள். பொட்டலம் வந்த அன்றே பிரித்து, முளையையும் வேரையும் படம் எடுத்துவிடுங்கள். முளை கெட்டியாக இருக்க வேண்டும்; கொழகொழத்தாலோ உள்ளே பழுப்பாக இருந்தாலோ அன்றே எழுதுங்கள். பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் குறையுள்ள பொருளைத் திருப்ப 30 நாள் தருகிறது. ஆனால் சீக்கிரம் கெடும் பொருளுக்கு அவகாசம் குறையும். தாமதித்தால், நீங்கள்தான் காயவிட்டீர்கள் என்று சொல்ல இடம் கொடுத்ததாகும்.

சூப்பர் மார்க்கெட்டில் வசந்த காலத்தில் தொங்கும் பிளாஸ்டிக் பை கிழங்குகளைத் தவிர்த்துவிடுங்கள். கடையின் சூட்டில் வேர் வறண்டிருக்கும், அல்லது முளை வெளுத்து நீண்டிருக்கும்.

கேள்வி: எங்கள் மண் களிமண். எப்படி நடுவது?

களிமண்ணில் குழி வெட்டி உதிரி மண்ணை நிரப்பாதீர்கள். சுற்றியுள்ள நீரெல்லாம் அந்தக் குழியில் இறங்கித் தேங்கும், முளை அழுகும். தரைக்கு மேலே 20 முதல் 25 செ.மீ. உயரத்துக்கு, 60 செ.மீ. அகலத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டுங்கள்.

கலவை: கரடான பெர்லைட் அல்லது ப்யூமிஸ் (இரண்டும் நுரை போன்ற இலேசான எரிமலைக் கல்துகள்) மூன்று பங்கு, கரடு மணல் ஒரு பங்கு, நன்கு மட்கிய இலை உரம் ஒரு பங்கு. கிஸேலாவுக்கு ஒரு கைப்பிடி சுண்ணாம்புக் கல் தூள் சேர்க்கலாம். தொழு உரம் வேண்டாம். இவ்வளவு ‘சத்தில்லாத’ கலவையா என்று தயங்க வேண்டாம். வேருக்கு முதலில் வேண்டியது காற்று.

நடும்போது நடுவில் கொஞ்சம் மேடாக்கி, வேர்களைச் சுற்றிலும் கிடையாகப் பரப்புங்கள். முளையின் நுனி 2, 3 செ.மீ. ஆழத்தில் இருந்தால் போதும். முளை ஒடிந்தால் அடுத்த வருடத்துத் தண்டே போயிற்று, ஆகவே மண்ணை அழுத்த வேண்டாம். தண்ணீர் ஊற்றியே படிய வையுங்கள். காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம், நடுப்பகலில் நிழல். மேப்பிள், பிர்ச் மரங்களின் அடியில் வேண்டாம். அவற்றின் வேர் நீரை முழுக்க உறிஞ்சிவிடும்.

உரம், புட்டியில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கு, முளை வந்ததிலிருந்து ஜூலை முடிய இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. கோடையில் பாத்தி காயவே கூடாது: அடுத்த வருடத்து மொட்டு அப்போதுதான் உருவாகிறது. லண்டனில் குளிரைவிடக் குளிர்கால மழைதான் ஆபத்து. மேலே ஒரு கண்ணாடித் தகட்டைச் சாய்த்து வைத்தால் போதும். கனடாவில் பனிப்பொழிவே நல்ல போர்வை. அது இல்லாத இடத்தில் பைன் ஊசி இலையால் மூடாக்குப் போடலாம்.

கேள்வி: போன வருடம் பூத்தது. இந்த வருடம் தண்டு கறுத்து மடங்கிவிட்டது. செடி செத்துவிட்டதா?

அவசரப்பட்டுத் தோண்டாதீர்கள். ஏப்ரல், மே மாதத்தில் முளை வந்தபின் விழுந்த உறைபனியாக இருந்தால் கிடைத்தண்டு உயிரோடிருக்கலாம். இனி உறைபனி எச்சரிக்கை வரும் இரவுகளில் வாளியைக் கவிழ்த்து மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். கறுத்த பகுதி அடியில் கொழகொழத்து நாறினால் அழுகல். அந்தப் பகுதியை மட்டும் கெட்டியான வெள்ளைச் சதை வரும்வரை வெட்டி, புதுக் கலவையில் நடுங்கள். ஓரங்களில் கடித்த தடமும் பளபளக்கும் கோடும் இருந்தால் ஓடில்லா நத்தை. இரவில் டார்ச் அடித்துப் பொறுக்குங்கள்.

பூவை இலையோடு வெட்டி ஜாடியில் வைத்திருந்தால் செடி மெலிந்ததற்கு அதுவும் காரணம். இலை தானாக மஞ்சளாகும்வரை விட வேண்டும். தொடும்போது கையுறை போடுங்கள். தண்டிலும் இலையிலும் உள்ள முடி சிலருக்குத் தோலில் தடிப்பு உண்டாக்கும்.

கேள்வி: கோயம்புத்தூரில் வளருமா? ‘ஸ்லிப்பர் ஆர்க்கிட் விதை’ 99 ரூபாய்க்கு விற்கிறார்கள். (கோவை)

வளராது. சிப்ரிப்பீடியத்துக்குச் சுமார் மூன்று மாதம் 5 டிகிரிக்குக் கீழ் குளிர் வேண்டும்; ஃபிரிட்ஜில் வைத்து ஈடுகட்டினாலும் கோடை வெப்பம் கொன்றுவிடும். 99 ரூபாய் விதை வீண்: உண்மையான ஆர்க்கிட் விதையாகவே இருந்தாலும் தொட்டி மண்ணில் முளைக்காது.

நம் பக்கத்து ஸ்லிப்பர் ஆர்க்கிட் பாஃபியோபெடிலம் என்ற வேறு பேரினம். அதில் ட்ரூரியை வகை தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் அகத்தியமலைப் பகுதிக்கே உரியது. தோண்டித் தோண்டியே அருகிப்போனது. பாஃபியோபெடிலம் முழுவதும் சைட்டிஸின் முதல் பட்டியலில் உள்ளது, இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் வருகிறது. உரிமம் காட்டாமல் ‘மலையிலிருந்து கொண்டுவந்தது’ என்று விற்பவரிடம் வாங்குவது சட்டப்படியும் குற்றம். கோவை வீட்டுக்கு டென்ட்ரோபியம் அல்லது வாண்டா ஆர்க்கிட் வாங்குங்கள்.