மெடிக்கலில் வாங்கிய ஐந்து மாத்திரை: ஸ்கேன் பார்க்காமல் போடாதீர்கள்

கேள்வி: எனக்கு 29 வயது. இரண்டு குழந்தைகள், இரண்டும் சிசேரியன். சின்னவனுக்கு ஒன்றரை வயதுதான் ஆகிறது. இப்போது நாள் தள்ளி 12 நாள் ஆகிவிட்டது. வீட்டுக்காரர் மெடிக்கலில் கேட்டு, கருவைக் கலைக்க ஐந்து மாத்திரை உள்ள அட்டை வாங்கி வந்திருக்கிறார். "அதைப் போட்டால் கர்ப்பப்பையே கெட்டுப்போகும்" என்கிறார் நாத்தனார். போடலாமா? - பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: போடுவதற்கு முன்னால் கேட்டீர்களே, எனக்கு அதுவே நிம்மதி. அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே மகப்பேறு டாக்டரிடம் போங்கள்.

நாத்தனார் சொல்வது சரியில்லை. அட்டையில் தனியாக இருப்பது மிஃபெப்ரிஸ்டோன், 200 மில்லிகிராம். கரு ஒட்டி வளர்வதற்காகக் கர்ப்பப்பையின் உள்சவ்வைப் பதமாக வைத்திருப்பது புரொஜெஸ்டிரான் என்ற ஹார்மோன். அது போய் உட்கார வேண்டிய இடத்தில் இந்த மாத்திரை முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும், சவ்வு தளர்ந்து கரு பிடிப்பு இழக்கும். ஒன்றிரண்டு நாள் கழித்துப் போடும் மற்ற நான்கும் மிசோப்ரோஸ்டால். கர்ப்பப்பையைச் சுருங்க வைத்து உள்ளே இருப்பதை வெளியே தள்ளுவது இவைதான். முதல் மாத்திரைக்கு ரத்தம் வரவில்லையே என்று பதறி இன்னொரு அட்டை வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு, அது தேவையே இல்லை. 9 வாரத்துக்குள் முறையாகப் போட்டால் 100 பேரில் 95 பேருக்கு மேல் முழுதாகக் கலைந்துவிடும். பிறகு குழந்தை வேண்டும் என்றால் அதற்கும் தடையில்லை.

அப்புறம் ஏன் ஸ்கேன்? இந்த மாத்திரை கர்ப்பப்பைக்குள் இருக்கிற கருவைத்தான் கலைக்கும். கரு வெளியே சினைக்குழாயில் தங்கியிருந்தால் அதை ஒன்றும் செய்யாது, ஆனால் சவ்வு கழன்று ரத்தம் மட்டும் போகும், நாமும் கலைந்துவிட்டது என்று நம்பிவிடுவோம். அப்படி நம்பிய ஒரு பெண்ணை ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு என்னிடம் தூக்கி வந்தார்கள். கடையில் வாங்கிப் போட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. வயிற்று வலியோடு "தோள்பட்டை வலிக்குது டாக்டர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கையைத் திருப்பிப் பார்த்தால் உள்ளங்கை காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. குழாய் வெடித்து வயிறு முழுக்க ரத்தம். பிழைத்துக்கொண்டார், ஆனால் ஒரு ஸ்கேன் எடுத்திருந்தால் அந்த ராத்திரியே வந்திருக்காது.

இன்னொன்று, நாள் கணக்கு. 9 வாரம், அதாவது 63 நாள் என்பதைக் கடைசியாகத் தூரமான முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். உங்களுக்கு 28 நாள் சுற்று என்றால் இன்று 40 நாள், 12 இல்லை. தள்ளிப்போன தேதியிலிருந்து எண்ணி, நிறைய நேரம் இருக்கிறது என்று காலம் கடத்துகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன்.

சிசேரியன் ஆனதை டாக்டரிடம் சொல்லுங்கள், அதனால் மட்டும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். காப்பர்-டி இருந்தால், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தால், ரொம்ப நாளாக ஸ்டீராய்டு எடுத்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். ஹீமோகுளோபினும் ரத்த வகையும் பார்ப்பார்கள். நெகட்டிவ் வகை என்றால் ஒரு ஊசி தேவைப்படலாம்.

நான்கு மாத்திரை போடும் நாளில் வலியும் ரத்தப்போக்கும் மாதவிலக்கைவிட அதிகமாகவே இருக்கும், துணைக்கு ஒருவர் வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பெரிய பேட் வீதம், தொடர்ந்து இரண்டு மணி நேரம் முழுக்க நனைந்தால், மயக்கம் வந்தால், ஒரு நாள் கழித்தும் காய்ச்சல் அடித்தால், நாற்றம் அடித்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: கணவர் கையெழுத்து இல்லாமல் கருக்கலைப்பு செய்ய முடியாது என்று ஒரு ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சட்டம் அப்படியா? - வாசகி, தேனி

பதில்: இல்லவே இல்லை. 1971-ஆம் ஆண்டு கருக்கலைப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கல்யாணம் ஆகாதவர்களுக்கும் இது பொருந்தும், 2022-இல் உச்ச நீதிமன்றமே தெளிவாகச் சொல்லிவிட்டது. விவரத்தை வெளியில் சொல்வதும் குற்றம். கையெழுத்துக் கேட்டு அலைக்கழித்தால் அந்தப் பெண் நேரே மெடிக்கல் கடைக்குத்தான் போவாள், எனக்கு ஆத்திரம் வருவது அதனால்தான். நீங்கள் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: டாக்டர் சொன்னபடி மாத்திரை போட்டு 15 நாள் ஆகிறது. லேசாகப் படுகிறது. கார்டில் இன்னும் இரண்டு கோடு வருகிறது. - பெயர் இல்லை, சேலம்

பதில்: லேசாகப் படுவது இயல்பு. கர்ப்ப ஹார்மோன் முழுதாக வடிய மூன்று நான்கு வாரம்கூட ஆகும், அதனால் இப்போது கார்டு போட்டுப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஆனால் மறுபரிசோதனைக்குப் போகாமல் இருக்கவும் கூடாது. 100-இல் ஓரிருவருக்குக் கர்ப்பம் தொடரலாம், மிசோப்ரோஸ்டால் பட்ட கருவுக்குக் கை கால், முக நரம்பில் குறை வர வாய்ப்புண்டு. மிச்சம் இருந்தால் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள், பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். கருத்தடைக்கு என்ன செய்வது என்பதையும் அப்போதே கேளுங்கள், இரண்டு வாரத்துக்குள்ளேயே மறுபடி கரு பிடிக்க முடியும்.