உதிர்ந்த இலைகளை அள்ளிவிடலாமா?

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் உதிரும் இலைகளைத் தினமும் கூட்டி அள்ளிவிடுகிறேன். ஆனாலும் மண் இறுகிக்கொண்டே போகிறது. தளிர்களில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் மொய்க்கிறது. மருந்து தெளிக்கலாமா?

பதில்: மருந்து வேண்டாம், முதலில் இலைகளை அள்ளுவதை நிறுத்துங்கள். மூடாக்கு, அதாவது இலை போன்ற மேல்போர்வை, இல்லாத மண்ணில் மழைத்துளி நேராக விழும்போது மண்கட்டிகள் சிதைந்து, நுண்துகள்கள் துளைகளை அடைத்துக்கொள்ள, காய்ந்ததும் மேற்பரப்பு ஓடுபோல் இறுகிவிடுகிறது. நோய் தாக்கிய இலைகளை மட்டும் அகற்றிவிட்டு, மற்றவற்றை 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, தண்டைச் சுற்றிச் சற்று இடைவெளி விடுங்கள். சில வகை மண்புழுக்கள் இரவில் மேலே வந்து இலையின் நுனியைப் பற்றித் தம் வளைக்குள் இழுத்துச் செல்வதால், காலையில் பாதி இலை மண்ணுக்குள் செருகி நிற்பதைக்கூட நீங்கள் காணலாம். அந்த வளைகளின் வழியாக நீரும் காற்றும் வேர்வரை இறங்குகின்றன.

அசுவினி மொய்க்கும் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கருஞ்சாம்பல் உடலில் ஆரஞ்சுப் புள்ளிகளுடன், மிகச் சிறிய முதலையைப் போல் ஊர்ந்தால், அது பெரும்பாலும் பொறிவண்டின் இளம்புழு. வளர்ந்து வண்டாவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்னக்கூடிய இந்த உயிரை, கெடுதல் செய்யும் புழு என்று எண்ணிப் பலர் நசுக்கிவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மருந்து தெளித்தால் இரண்டுமே சாகும். ஆனால் விரைந்து பெருகும் அசுவினிதான் முதலில் திரும்பி வரும். எனவே பொறிவண்டுகள் பெருகும்வரை, தளிர்களில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அசுவினியைக் கழுவிவிட்டாலே போதும்.