அணையாத மெழுகுவர்த்தி

அன்புள்ள ஐயா,

எங்கள் மகனின் முதல் பிறந்தநாள் வீடியோவைச் சொந்தபந்தம் இன்னும் போட்டுப் பார்க்கிறது. ஊதினாலும் அணையாத மெழுகுவர்த்தியை யாரோ வாங்கி வந்துவிட்டார்கள். கணவர் ஊதினார், மாமனார் ஊதினார், அது மறுபடி மறுபடி எரிந்தது. அந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் ஸ்னோ ஸ்பிரே அடிக்க, குபீரென்று தீ. மாமனாருக்கு ஒரு பக்க மீசை பொசுங்கிவிட்டது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்கு இன்றும் அடிவயிறு கலங்குகிறது. அடுத்த மாதம் அவனுக்குப் பத்து வயது. வகுப்புப் பிள்ளைகள் 15 பேர், வீட்டு ஆட்கள் 15 பேர். “யாரும் என்னைப் பட்டுக்குட்டின்னு கூப்பிடக் கூடாது” என்று இப்போதே சொல்லிவிட்டான். என்னென்ன கவனிக்க வேண்டும்?

— ஒரு வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள சகோதரி,

நீங்கள் பயப்படுவதுதான் சரி. மீசையோடு போனது நல்ல காலம். ஸ்னோ ஸ்பிரேயின் நுரை பெரும்பாலும் சோப்புத் தண்ணீர் மாதிரிதான். ஆனால் அதை டப்பாவிலிருந்து வெளியே தள்ளும் வாயு பல டப்பாக்களில் பியூட்டேனும் புரொப்பேனும். சமையல் சிலிண்டரில் இருப்பதும் அதேதான். நுரையின் ஒவ்வொரு குமிழுக்குள்ளும் அந்த வாயு இருக்கிறது. எனவே முடியிலும் சட்டையிலும் ஒட்டிய நுரையோடு ஒருவர் மெழுகுவர்த்திமேல் குனிந்தாலே பற்றிக்கொள்ளும். ‘தள்ளி நின்று அடி’ என்று சொல்லிப் பயனில்லை, கூட்டத்தில் யாரும் தள்ளி நிற்பதில்லை. வாங்காதீர்கள். வருகிறவர் கொண்டுவந்தால் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

அணையாத மெழுகுவர்த்தியின் சூட்சுமம் திரியில் இருக்கிறது. சாதாரண மெழுகுவர்த்தியை ஊதியதும் திரி முனையில் ஒரு சிவப்புக் கங்கு நிற்கும், மெல்லிய வெள்ளைப் புகை எழும். அந்தப் புகை ஆவியான மெழுகு. அதைப் பற்றவைக்கக் கங்கின் சூடு போதாது, அதனால் அணைந்துவிடுகிறது. இந்த வகைத் திரியில் மெக்னீசியத் தூள் கலந்திருக்கும். கங்கின் சூட்டிலேயே அது பொறியாகத் தெறித்து மெழுகாவியைப் பற்றவைக்கும். எத்தனை பேர் ஊதினாலும் கேக்கில் எச்சில் விழுவதுதான் மிச்சம். ஒரு டம்ளர் தண்ணீரில் திரியைத் தலைகீழாக முக்கி, அப்படியே போட்டு வையுங்கள். அணைந்ததாக நினைத்துக் குப்பைக் கூடையில் எறிவதுதான் பெரிய தப்பு. உங்களுக்கு 1, 0 என்று இரண்டு எண் மெழுகுவர்த்தி போதும்.

மிதக்கும் கேஸ் பலூன் வேண்டவே வேண்டாம். ஹீலியம் விலை அதிகம் என்பதால் பல இடங்களில் ஹைட்ரஜன் அடைக்கிறார்கள். காஸ்டிக் சோடாவும் அலுமினியமும் தண்ணீரும் இருந்தால் அங்கேயே தயாராகிவிடும். இரண்டுக்கும் நிறமில்லை, மணமில்லை, இரண்டும் மிதக்கும். பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஹைட்ரஜன் பலூன் கொத்தில் ஒன்று பற்றினால் மொத்தமும் ஒரே நொடியில் பற்றும். பம்பில் காற்றடித்த பலூனைச் சுவரில் ஒட்டுங்கள். ஆரஞ்சு உரித்த கையோடு பிள்ளைகள் அதைத் தொட்டால் பட்டென்று வெடிக்கும், தோலில் உள்ள எண்ணெய் ரப்பரைக் கரைத்துவிடும்.

30 பேருக்குத் தலைக்கு 80 கிராம் என்றால் இரண்டரைக் கிலோ கேக். உங்கள் ஊர் வெயிலுக்கு, பிள்ளைகள் மேஜையைச் சுற்றி நின்ற பிறகுதான் ஃபிரிட்ஜிலிருந்து எடுக்க வேண்டும். மெழுகுவர்த்திக்காக ஃபேனை நிறுத்திவிட்டுக் கால்மணி நேரம் போட்டோ எடுத்தால் கிரீம் வழிந்துவிடும். முகத்தில் கேக் அப்புவதை யார் ஆரம்பித்தாலும் தடுத்துவிடுங்கள். அடுக்கு கேக் சரியாமல் இருக்க உள்ளே குச்சி செருகியிருப்பார்கள், பொம்மைகளுக்கும் பல்குச்சி இருக்கும். அழுத்தினால் கண்ணுக்கு நேராகத்தான் போகும்.

பிறகு அந்தப் பாட்டு. ‘ஹேப்பி பர்த்டே’ கீழ்ப் பஞ்சமத்தில், அதாவது தாழ்ந்த ‘ப’ சுரத்தில் தொடங்குகிறது. மூன்றாவது வரியில் ஒரே தாவலில் ஒரு ஸ்தாயி, அதாவது ஏழு சுரங்களையும் தாண்டி, ஏறி மேல் ‘ப’வைத் தொடும். உற்சாகத்தில் உச்சக் குரலில் ஆரம்பித்தால் அந்த இடத்தில் பாதிப்பேர் கத்துவார்கள், மீதிப்பேர் நிறுத்திவிடுவார்கள். பேசும் குரலைவிடக் கொஞ்சம் தணித்து ஒருவர் எடுத்துக் கொடுக்கட்டும்.

அந்தத் தாவல் முடிந்த கையோடு பெயர் வருகிறது. பள்ளிக்கூடப் பெயரா, வீட்டுப் பெயரா என்று முன்பே பேசி வைக்காவிட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ‘பட்டுக்குட்டி’ அங்கேதான் வாய் தவறி விழும், திங்கட்கிழமை காலையில் வகுப்பு முழுக்க அதுதான் அவன் பெயர். பத்து வயதில் அது சின்ன விஷயமே இல்லை. கேக்கின் மேல் பள்ளிக்கூடப் பெயரையே எழுதச் சொல்லுங்கள். பாடுகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் பாடுவார்கள். அவனுடைய ஆச்சியிடம் மட்டும் காலையிலேயே தனியாகச் சொல்லி வையுங்கள். பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, அவர் ஆசை தீரக் கூப்பிட்டுக்கொள்ளட்டும்.

அன்புடன்.