அம்மாவின் சங்கிலியும் அறுகம் குடாவும்

கேள்வி: அன்புள்ள அண்ணா, எனக்கு வயது 24. ஊர் கல்லாறு. மட்டக்களப்பில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறேன். போன வருடம் ஓகஸ்டில் மூன்று வாரம் அறுகம் குடாவில் தங்கி, அலைச்சறுக்கு விளையாடுபவர்களைக் கரையில் நின்று படம் எடுத்து விற்றேன். செலவு போகக் கையில் கொஞ்சம் மிஞ்சியது. ஆனால் ஆவணி முகூர்த்தங்களுக்கு ஆள் இல்லை என்று முதலாளி கோபித்துக்கொண்டார். இந்த வருடம் வேலையை விட்டுவிட்டு மே மாதமே போய் சீசன் முழுக்க நிற்க ஆசை. தண்ணீருக்குள் இருந்து எடுத்த படங்கள்தான் விலைபோகும் என்று அங்கே சொல்கிறார்கள். கமராவை வைத்துக் கடலில் இறங்கும் பெட்டி ஒன்று, பாவித்தது, நாலரை லட்சத்துக்கு வருகிறது. அம்மா தன் சங்கிலியை அடகு வைக்கத் தருகிறேன் என்கிறார். கட்டாருக்கு வா என்கிறார் பெரியண்ணன். நான் என்ன செய்ய?
(பெயர் வேண்டாம், மட்டக்களப்பு மாவட்டம்)

பதில்: தம்பி, சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருக்கட்டும். அறுகம் குடாவுக்குப் போங்கள்.

நானும் கல்யாண வீட்டுப் படக்காரனாக இருந்து உல்லைக்குப் போனவன். (அறுகம் குடாவை நம் ஆட்கள் உல்லை என்றுதானே சொல்கிறோம்.) ஐந்து சீசன் அங்கே நின்றிருக்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்த மணலின் சூடு காலில் பட்டது போல இருந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கடன். அங்கே சீசன் மே மாதத்தில் சூடு பிடித்து ஒக்டோபருக்குள் முடிந்துவிடும். அந்த ஆறு மாத வருமானம் முழுவதும் வெளிநாட்டுக்காரர் விமானம் ஏறி வருவதில் இருக்கிறது. கடந்த சில வருடங்களை எண்ணிப் பாருங்கள். 2019இல் சீசன் தொடங்கும் நேரத்தில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு. 2020இல் கொரோனா, விமான நிலையமே மூடிக்கிடந்தது. 2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை. 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் அறுகம் குடாப் பக்கம் போக வேண்டாம் என்று தன் நாட்டவரை எச்சரித்தது. இதில் எதுவும் படம் எடுப்பவனின் பிழையில்லை. ஆனால் அடகுக் கடையில் வட்டி இதையெல்லாம் பார்த்து ஏறுவதில்லை. கெட்ட சீசன் ஒன்று வந்தால் நீங்கள் வீட்டுக்குத் திரும்பிவிடலாம், அம்மாவின் சங்கிலி திரும்பாது.

அடுத்தது நீச்சல். பெட்டியின் விலையை எழுதிய நீங்கள் நீச்சலைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, அதுதான் எனக்குக் கவலை. வாவியில் நீந்தி வளர்ந்தவனுக்கு அலை உடையும் இடம் வேறு உலகம். உல்லையின் பெரிய அலை உடையும் மெயின் பொயின்ட்டில் அடியில் பாறை, பாறையில் கடல் முள்ளெலி. அலை உடைந்து உள்ளே கொட்டும் தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும், அந்த இழுவை உங்களையும் கூட்டிக்கொண்டு போகும். ஒரு கையில் மூன்று நான்கு கிலோப் பெட்டி, மறு கையால் மட்டும் நீச்சல். மேலே கூரான துடுப்புகள் பூட்டிய பலகை ஒன்று உங்கள் தலையை நோக்கி வரும், அந்தக் கணத்தில் படத்தையும் எடுத்து அலைக்கு அடியிலும் போக வேண்டும். இதைப் பழக ஒரு முழு சீசன் வேண்டும். அதற்குத் தேவை கால் துடுப்பு ஒரு சோடி, தலைக்கவசம், கூட இறங்க ஊர்ப் பையன் ஒருவன். கமரா தேவையில்லை. இந்த வருடம் தினமும் வெறுங்கையோடு இறங்கி, அலை எங்கே எழுகிறது, எந்த வழியாக வெளியே வரலாம் என்று உடம்புக்குப் பழக்குங்கள்.

பெட்டி என்பதே ஒருவர் தன் கையால் செய்து தொடங்கிய விஷயம்தான். 1930களில் கலிபோர்னியாவில் டாக் பால் என்ற பல் வைத்தியர், தானே அலைச்சறுக்குபவர், தன் கமராவுக்குத் தண்ணீர் புகாத பெட்டி ஒன்றைச் செய்துகொண்டு கடலில் இறங்கினார். அவருக்குக் கடல் முதலில் தெரியும், பெட்டி பிறகுதான் வந்தது. எனக்கு அது மாறி நடந்தது. இரண்டாவது சீசனில் பெட்டி வாங்கினேன். ஒருநாள் அவசரத்தில் மூடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தைத் துடைக்காமல் பூட்டினேன். வளையத்தில் ஒரே ஒரு மணல். கரைக்கு வந்து திறந்தபோது உள்ளே ஒரு தேக்கரண்டி அளவு தண்ணீர்தான் இருந்தது. அது உப்புத் தண்ணீர், கமரா அதோடு முடிந்தது. பாவித்த பெட்டியை நாளைக்கு யாராவது நீட்டினால், கமராவை வைக்காமல் உள்ளே ஒரு டிஷ்யூத் தாளை வைத்துப் பூட்டி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கிப் பிடித்துப் பாருங்கள். தாளில் ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் வேண்டாம்.

சரி, பெட்டி இல்லாமல் என்ன எடுப்பது என்று கேட்பீர்கள். போன வருடம் உங்களிடம் இருந்த நீள லென்ஸே போதும், ஆனால் நிற்கும் இடத்தை மாற்ற வேண்டும்.

அறுகம் குடா கிழக்குக் கரை. காலையில் சூரியன் கடலிலிருந்து உங்கள் முகத்துக்கு நேரே எழும்பும், கரையில் நிற்பவனுக்கு எல்லோரும் கறுப்பு உருவங்கள்தான். பின்னேரம் சூரியன் முதுகுக்குப் பின்னால் போகும். முகமும் பலகையின் நிறமும் அப்போதுதான் தெளியும். முகம் தெரிகிற படத்தைத்தான் ஆட்கள் வாங்குவார்கள். ஆகவே விற்பனைக்குப் பின்னேரம். அப்புறம், மெயின் பொயின்ட் அலை கரையிலிருந்து பார்த்தால் இடப்பக்கமாக ஓடும். இடது காலை முன்னால் வைத்து நிற்கிறவர்கள்தான் அதிகம், அவர்கள் அந்த அலையில் போகும்போது நெஞ்சு அலையைப் பார்த்திருக்கும், முதுகு கரையைப் பார்த்திருக்கும். முனையின் பாறையில் நின்று எடுத்தால் கார்ட் முழுக்க முதுகுதான் நிறையும், நான் முதல் சீசனில் அப்படித்தான் நிறைத்தேன். வளைகுடாவின் உட்பக்கம் நூறு இருநூறு கஜம் நடந்து வந்து நில்லுங்கள். ஆள் உங்களை நோக்கி வருவார், முகம் கிடைக்கும். ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு பங்கு செக்கனை விட மெதுவாக வேண்டாம், இரண்டாயிரத்தில் ஒன்று என்றால் சிதறும் துளிகூட நின்றுபோகும்.

காலை வெளிச்சம் வீண் என்று நினைக்காதீர்கள். நம் ஊரில் கச்சான் வீசும் மாதங்கள் உங்களுக்குத் தெரியும். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இல்லாமல், இறங்க இறங்கச் சூடேறி நம் பக்கம் வருகிறது. மட்டக்களப்பில் வெயில் 38 பாகையைத் தொடுவது அந்தக் காற்றில்தான். வீட்டில் எல்லோரும் அதைச் சபித்துக்கொண்டு ஓலை விசிறியால் விசிறுவோம். அதே கச்சான் உல்லையில் நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது. உடையப் போகும் அலையின் முகத்தில் மோதி, சரியவிடாமல் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. அலையே இந்தியப் பெருங்கடலின் தென்கோடிப் புயல்களில் பிறந்து நாள்கணக்கில் பயணம் செய்து வந்தது. காற்றும் அலையும் எதிரெதிராகச் சந்திக்கும் இடத்தில், அலையின் நுனித் துளிகள் பின்னோக்கிப் பறக்கும். காலை ஆறரை மணிக்கு அந்தத் துளிகளுக்குப் பின்னால் சூரியன் நின்றால், கறுத்த உருவம் ஒன்றின் தலைக்கு மேல் பொன் தூள் எழும்புவது போல இருக்கும். வெளிச்சத்தைக் குறைத்து வைத்து எடுங்கள். அது நாலு பேர் வாங்கும் படம் இல்லை, ஆனால் உங்கள் பெயரை ஆட்கள் நினைவில் வைக்கப்போவது அந்தப் படத்தால்தான்.

தெற்கே பானமைப் பக்கம் பீனட் ஃபாம் என்று ஓர் அலை இருக்கிறதே, தமிழில் சொன்னால் கச்சான் தோட்டம். கச்சான் தோட்டத்தில் கச்சான் காற்று என்று நாங்கள் அங்கே சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். நம் கிழக்கு மாகாணத்துப் பிள்ளைக்கு மட்டுமே விளங்கும் சந்தோசம் அது. அங்கே போனால் இருட்டுவதற்கு முன் கிளம்பிவிடுங்கள், அந்த வீதியில் பின்னேரம் யானை இறங்கும்.

விற்பனையில் ஒன்று சொல்கிறேன், இதை மறக்காதீர்கள். கெட்டிக்காரர்களின் பின்னால் ஓடாதீர்கள். 2019 செப்டெம்பரில் மெயின் பொயின்ட்டில் வேர்ல்ட் சர்ஃப் லீக்கின் தகுதிச் சுற்றுப் போட்டிகூட நடந்த இடம் அது, உலகத் தரத்தில் ஆடுபவர்கள் வருவார்கள்தான். அவர்களிடம் ஏற்கெனவே ஆயிரம் படம் இருக்கும். வாங்குகிறவர்கள் புதிதாகப் பழகுபவர்கள் இறங்கும் பேபி பொயின்ட்டில் இருக்கிறார்கள். வாழ்க்கையில் முதல்முறையாகப் பலகையில் எழுந்து நிற்கும் ஒருவர், மூன்று செக்கன் நின்றுவிட்டு விழுகிறார். அந்த மூன்று செக்கனில் அவர் முகத்தைப் பாருங்கள். தாலி கட்டும் நேரத்து முகத்தைத் தவறவிடாமல் எடுக்கப் பழகிய கை உங்களுடையது. இது அதே வேலைதான். அன்று மாலையே, உப்பு காய்வதற்கு முன், சாப்பாட்டுக் கடையில் மடிக்கணினியை விரித்துக் காட்டுங்கள். இரண்டு நாள் பிந்தினால் அவர்கள் மலைநாட்டு எல்ல ஊருக்குப் போயிருப்பார்கள், படமும் போனது மாதிரித்தான்.

பெண்களைப் படம் எடுப்பது பற்றியும் சொல்ல வேண்டும். 2018இல் அறுகம் குடாவில் பெண்களுக்கென்றே ஓர் அலைச்சறுக்குக் கழகம் தொடங்கியது, நாட்டிலேயே அதுதான் முதலாவது. கடலில் இறங்குவதற்கே வீட்டிலும் ஊரிலும் எவ்வளவு கதை கேட்டு வந்திருப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நனைந்த உடுப்போடு இருக்கும் ஒரு பிள்ளையின் படம் கேட்காமல் ஃபேஸ்புக்கில் ஏறினால், அடுத்த நாள் அந்தப் பிள்ளை கடலுக்கு வராமலே போகலாம். முதலில் அவரிடம் படத்தைக் காட்டுங்கள், எது வெளியே போகலாம் என்று அவர் சொல்லட்டும், மற்றதை அவர் கண் முன்னால் அழித்துவிடுங்கள். வெளிநாட்டுப் பெண்களுக்கும் இதே மரியாதைதான்.

இனி உங்கள் முதலாளி. வேலையை விடத் தேவையில்லை தம்பி. போன வருடம் நீங்கள் பிழைவிட்டது மாதத்தில்தான். ஆவணியில் போனீர்கள். ஆடியில் நம் ஆட்கள் கல்யாணம் வைப்பதில்லை, ஸ்டூடியோ ஈ ஓட்டும். ஜூலை நடுவிலிருந்து ஓகஸ்ட் நடுவரை உல்லையில் கூட்டம் அலைமோதும் நேரமும் அதுதான். ஆனி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு போய், ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முதல்நாள் வந்து நிற்கிறேன் என்று முதலாளியிடம் இப்போதே பேசுங்கள். மனமிருந்தால் ஒத்துக்கொள்வார், அவருக்கும் அந்த மாதம் சம்பளம் மிச்சம். பாதயாத்திரை நேரம் பார்த்து இரண்டு நாள் முன்னதாகப் போக முடிந்தால், கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்கள் பொத்துவில் கடந்து உகந்தை முருகனிடம் தங்கிக் காட்டுப் பாதையில் இறங்குவதைப் பாருங்கள். வேலும் காவியும் தலையில் மூட்டையுமாகப் போகும் அந்த வரிசைக்குப் பக்கத்திலேயே பலகையைக் கட்டிக்கொண்டு ஓட்டோவில் போகும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். இரண்டையும் ஒரே படத்தில் கண்ணால் காணக்கூடியவர் அந்த மண்ணைத் தெரிந்த நீங்கள்தான்.

கட்டாரைப் பற்றிப் பெரியண்ணனுக்குக் கோபம் வராமல் சொல்லுங்கள்: இந்த ஒரு ஆடி மட்டும் பொறுங்கள் என்று. அவர் உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறார். ஒரு மாதத்துக்கு அவர் மறுக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

ஒரு கொப்பி வாங்கி, அறை வாடகை, சாப்பாடு, ஓட்டோ, விற்ற படம் எல்லாவற்றையும் அன்றன்றே எழுதுங்கள். எத்தனை நாள் கமரா இல்லாமல் கடலில் இறங்கினீர்கள் என்பதையும் அதே கொப்பியில் குறியுங்கள். ஆவணியில் அந்தக் கொப்பியின் கணக்கோடு எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். எந்தப் பெட்டி, எந்த முகப்புக் கண்ணாடி என்று அப்போது உட்கார்ந்து பேசலாம்.