நிறுத்திய பிறகும் படகு தானாக இறங்கினால்

வணக்கம் நண்பரே. வேகம் போதவில்லை என்று படகுத் தூக்கியின் 60:1 கியர் பெட்டியை (மோட்டார் 60 சுற்று சுற்றினால் வெளித்தண்டு ஒரு சுற்று) கழற்றிவிட்டு 30:1 பொருத்தினீர்கள். இப்போது மோட்டார் நின்ற பிறகும் படகு மெல்ல இறங்குகிறது என்கிறீர்கள். மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது வார்ம் கியர், அதாவது திருகு போன்ற தண்டும் அதோடு பொருந்தும் பல்சக்கரமும். அதில் திருகு சக்கரத்தைச் சுழற்றும், சக்கரத்தால் திருகைச் சுழற்ற முடியாது என்பது பாதி உண்மைதான். திருகின் புரிச்சாய்வு (புரி சாய்ந்திருக்கும் கோணம்) ஏறத்தாழ 5 பாகைக்குள் இருந்தால்தான் அந்தப் பிடிப்பு. விகிதம் குறையும்போது பெரும்பாலும் சாய்வு கூடிவிடும். திருகின் முனையைப் பாருங்கள்: இரண்டு புரிகள் தொடங்கினால் சாய்வு கூடியதுதான் காரணம், சந்தேகமே வேண்டாம்.

ஒற்றைப் புரியும்கூட அலையின் அதிர்வில் நழுவக்கூடும். ஆகவே மின்சாரம் நின்றதும் தானே இறுகும் பிரேக் உள்ள மோட்டாராகப் போடுங்கள். அதுவரை படகுக்கு அடியில் யாரும் நிற்க வேண்டாம்.

இன்னொன்று, எண்ணெயைக் கொஞ்சம் வடித்து வெயிலில் பாருங்கள். பொன்னிறத் தூள் மினுங்கினால் வெண்கலச் சக்கரம் தேய்கிறது. கையில் இருந்த கார் கியர் எண்ணெயை ஊற்றி நானே ஒரு சக்கரத்தைக் கெடுத்திருக்கிறேன். அதிலுள்ள கந்தகச் சேர்மானம் சூட்டில் வெண்கலத்தை அரிக்கும். வார்ம் கியருக்கென்றே விற்கும் எண்ணெயைக் கேட்டு வாங்குங்கள்.